இரண்டாவது முறை விழுந்த ஸ்கைலாப்

1979-ஆம் வருஷத்தில் உலகம் ஓர் இடத்தில் சும்மா உட்காரவில்லை. டில்லி சரோஜினி நகரில் இருந்த அம்சவேணியும் உட்காரவில்லை.

அவளுக்கு வயது பத்து. எல்லோருக்கும் வேணி. ஒரு வேலையைத் தொடங்கிவிட்டால் அது முடிகிற வரைக்கும் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. அந்த வருஷம் அவள் தொடங்கிய வேலையோ டிசம்பரில்தான் முடியும். பாவம், என்ன செய்வாள்!

அந்த வருஷத்தைக் குழந்தைகள் ஆண்டு என்று உலகமே கொண்டாடியது. மோதி பாக்கில் வேணி படித்த தமிழ்ப் பள்ளியில் சுந்தரவல்லி டீச்சர் ஜனவரியிலேயே சொல்லிவிட்டார்.

“உலகத்துல நடக்கிற பெரிய செய்தியெல்லாம் சேர்த்து ஆளுக்கொரு ஆல்பம் பண்ணுங்க. மாசத்துக்கு ஒரு பக்கம். டிசம்பர்ல கண்காட்சி வைப்போம்.”

வேணி போன வருஷத்துக் காலண்டரின் பன்னிரண்டு தாள்களையும் பின்பக்கமாகத் திருப்பி, நூல் கோத்துத் தைத்தாள். ஆல்பம் தயார்.

செய்திக்குப் பஞ்சமே இல்லை. ஜனவரியில் ஈரான் மன்னர் நாட்டை விட்டு விமானம் ஏறினார். பிப்ரவரியில் சீனாவும் வியட்நாமும் சண்டை போட்டன. மார்ச்சில் வியாழன் கிரகத்தைச் சுற்றியும் ஒரு வளையம் இருப்பதை விண்கலம் ஒன்று படம் பிடித்து அனுப்பியது. மே மாதம் இங்கிலாந்தில் முதல் தடவையாக ஒரு பெண் பிரதமர் ஆனார்.

பஞ்சம் பேப்பருக்குத்தான்.

அந்தக் கட்டடத்தில் கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நாலு அரசாங்க வீடுகள். நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஓர் இங்கிலீஷ் பேப்பர். காலை ஆறு மணிக்குக் கீழ்வீட்டு சேஷன் மாமா பிரிப்பார். எட்டு மணிக்கு வேணியின் வீடு. பத்து மணிக்கு மாடியில் பூங்கோதை அக்கா வீடு. மத்தியானம் மீனாக்ஷி மாமி வீடு. சாயங்காலம் ஆறு மணிக்குப் பேப்பர் வேணியிடம் திரும்பி வரும்.

“ஆறு மணிக்கு முன்னாடி பேப்பர் மேல கத்தரி படப்படாது. புரிஞ்சுதா?” என்று சேஷன் மாமா சட்டமே போட்டிருந்தார்.

ஜூன் மாதம்வரை வேணி அந்தச் சட்டத்தை மீறவில்லை. ஜூனில் நம் நாட்டின் பாஸ்கரா செயற்கைக்கோள் வானத்துக்குப் போனது. படத்துக்காக வேணி சாயங்காலம்வரை காத்திருந்தாள். பேப்பர் வந்தபோது பாஸ்கராவின் மேல் பஜ்ஜி எண்ணெய் ஊறியிருந்தது. மீனாக்ஷி மாமிக்கு எண்ணெய் வடிக்க வேறு பக்கம் கிடைக்கவில்லையாம்!

அதனால்தான் ஜூலையில் அவள் கை பரபரத்தது.

ஜூலை வந்ததும் டில்லி முழுக்க ஒரே பேச்சு. அமெரிக்கா வானத்தில் நிறுத்தியிருந்த ஸ்கைலாப் என்ற ஆய்வுக்கூடம் உடைந்து கீழே விழப் போகிறது. எங்கே விழும்? யாருக்கும் தெரியாது. வெயில் காலத்தில் வாசலில் கட்டில் போட்டுத் தூங்குகிறவர்கள் கட்டிலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். சேஷன் மாமா பால் பூத்துக்குக்கூடக் குடை பிடித்துக்கொண்டு போனார்.

“மாமா, ஸ்கைலாப் எழுபத்தேழு டன்னாம். குடை தாங்குமா?” என்று வேணி கேட்டாள்.

“தாங்காதுதான். ஆனா ஒரு தைரியம்டி குழந்தே!”

ஜூலை பன்னிரண்டு, வியாழக்கிழமை. ஸ்கைலாப் விழுந்துவிட்டது. டில்லியில் இல்லை, ஆஸ்திரேலியாவில். பேப்பரின் உள்பக்கத்தில் பெரிய படம். கூடவே அது விழுந்த வழியைக் காட்டும் வரைபடம். பார்த்ததும் வேணிக்கு மூச்சே நின்றுவிட்டது. இதைப் போய் மீனாக்ஷி மாமியின் பஜ்ஜிக்கு விடுவதா?

எட்டேகால் மணிக்கு அவள் கத்தரியை எடுத்தாள். எட்டு இருபதுக்குப் படம் அவளுடைய அட்லஸுக்குள் பத்திரமாக இருந்தது.

ஓட்டை தெரியாதபடி பேப்பரை மடித்து மாடிக்கு எடுத்துப் போனாள். பூங்கோதை அக்கா கதவருகிலேயே காத்துக்கொண்டிருந்தாள். அவள் மூன்று மாதமாக அப்படித்தான் காத்திருக்கிறாள்.

அக்கா அரசாங்கத்தில் டைப்பிஸ்ட் வேலைக்குப் பரீட்சை எழுதியிருந்தாள். முடிவு பேப்பரில் வரும். அவள் அப்பா ரத்தினவேல் மாமா ஜூலை முப்பத்தொன்றாம் தேதி வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். ஓய்வு பெற்றால் அரசாங்க வீட்டைக் காலி செய்ய வேண்டும். அக்காவுக்கு வேலை கிடைத்தால் மட்டும் வீட்டை அவள் பெயருக்கு மாற்றித் தருவார்கள். கிடைக்காவிட்டால் எல்லோரும் வேலூருக்கு ரயில் ஏற வேண்டியதுதான். ரத்தினவேல் மாமா இப்போதே இரண்டு டிரங்குப் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டி வைத்துவிட்டார்.

அக்கா போய்விட்டால் இங்கிலீஷ் பேப்பரில் புரியாததை எல்லாம் கதையாகச் சொல்ல வேணிக்கு யார் இருக்கிறார்கள்?

அக்கா ஜல்தி ஜல்தியாகப் பக்கங்களைப் புரட்டினாள். ஓரிடத்தில் நின்றாள்.

“இது என்னடி, இவ்ளோ பெரிய ஓட்டை?”

“ஸ்கைலாப் விழுந்த ஓட்டைக்கா!”

அக்கா சிரித்துவிட்டாள். “சேஷன் மாமாவுக்குத் தெரிஞ்சா உன் மேலயும் ஏதாவது விழும். சரி, பின்னாடி என்ன இருந்துச்சு?”

“ஏதோ விளம்பரம்.”

உண்மையில் வேணி பின்பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்த அமளியில் இரண்டு நாள் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் அவள் மைதாப் பசை காய்ச்சினாள். ஆல்பத்தின் ஜூலைப் பக்கத்தில் பசையைத் தடவி, படத்தை அதன் மேல் வைத்து, துணியால் அழுத்தினாள். அவ்வளவு அழகாக வேறு எந்தப் பக்கமும் வந்ததில்லை.

ஈரம் ஊற ஊற, படத்தின் அடியிலிருந்து ஏதோ எழுந்து வந்தது. இடம் வலம் மாறிய எழுத்துகள். வரிசை வரிசையாகப் பொடிப்பொடியாய் எண்கள்.

வேணி அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்து பக்கத்தில் பிடித்தாள். பொடி எண்களைப் படிக்க முடியவில்லை. கொட்டை எழுத்து மட்டும் தெரிந்தது. ‘டைப்பிஸ்ட் தேர்வு முடிவு.’ அடியில் இன்னொரு வரி. ‘தேறியவர்கள் 16.7.79 காலை பத்து மணிக்குச் சான்றிதழ்களுடன் நேரில் வரவும்.’

பதினாறாம் தேதி என்றால் நாளைக்கு!

வேணி கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள்.

சொன்னால் என்ன ஆகும்? சட்டத்தை மீறியது நாலு வீட்டுக்கும் தெரியும். கத்தரியைப் பிடுங்கிவிடுவார்கள். ஆல்பத்தின் மிக நல்ல பக்கம் கிழிந்து போகும். ஒருவேளை அக்காவின் நம்பர் அதில் இல்லாமலே இருந்தால்? அப்போது எல்லாம் வீண்தானே?

இருந்தால்?

அவள் மாடிப்படியில் பாதி ஏறினாள், இறங்கினாள். மறுபடி ஏறினாள், மறுபடி இறங்கினாள்.

“என்னடி, படியை எண்ணிட்டிருக்கியா?” என்று அம்மா லீலாவதி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

வேணி ஆல்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூன்றாவது தடவை ஏறினாள். இந்தத் தடவை நிற்கவில்லை.

மேலே ரத்தினவேல் மாமா மூன்றாவது பெட்டிக்குக் கயிறு வெட்டிக்கொண்டிருந்தார். அக்கா புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அது விளம்பரம் இல்லக்கா. நான் பார்க்காமலே சொல்லிட்டேன். உன் ரிசல்ட்டு. இதுக்குப் பின்னாடி இருக்கு. நாளைக்குக் காலையில போகணுமாம்.” ஒரே மூச்சில் சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

அக்காவின் முகம் வெளுத்தது. “ஏன்டி இப்படிப் பண்ணே?” என்றாள்.

ரத்தினவேல் மாமா செருப்பை மாட்டினார். “நான் போய் வேற பேப்பர் தேடறேன்.”

“எங்கப்பா போவீங்க? லைப்ரரியும் லீவு, ஆபீஸும் லீவு. பழைய பேப்பர்காரர் நேத்தே வந்து தெருவுல எல்லா வீட்டுலயும் எடுத்துட்டுப் போயிட்டாரு.”

வேணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்படியில் அக்காவின் அம்மா சந்திரம்மாள் இட்லிப் பானையை ஏற்றியிருந்தாள். மூடியின் ஓரத்தில் புஸ்ஸென்று ஆவி வந்தது.

“பசை இன்னும் முழுசாக் காயலக்கா. ஆவியில காட்டினா உரிஞ்சு வந்துடும்.”

“உன் படம் பாழாயிடுமே பாப்பா?” என்றார் மாமா.

வேணிக்குத் துக்கமாகத்தான் இருந்தது. “பரவாயில்ல மாமா” என்றாள்.

சந்திரம்மாள் இட்லித் தட்டை வெளியே எடுத்தாள். வேணி ஆல்பத்தின் நூலை அவிழ்த்து ஜூலைத் தாளைத் தனியே எடுத்தாள். அக்கா ஒரு பக்கம், வேணி ஒரு பக்கமாக அதை ஆவியில் பிடித்தார்கள். முதலில் ஓரம் சுருண்டது. வேணி நகத்தால் மெல்ல நெம்பினாள். ஒரு துண்டு வந்தது. இன்னொரு துண்டு. ஆஸ்திரேலியா இரண்டாகக் கிழிந்தது. கடைசியில் ஆறு துண்டுகள் வந்தன. இப்படியாக ஸ்கைலாப் இரண்டாவது முறையும் உடைந்து விழுந்தது. இந்தத் தடவை சரோஜினி நகரில், ஓர் இட்லிப் பானையின் மேல்.

துண்டுகளைத் திருப்பித் தரையில் சேர்த்து வைத்தார்கள். பசையை வேணி விரலால் வழித்தாள்.

“நீயே பாரு. என்னால முடியாது” என்று அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “ரெண்டு, எட்டு, பூஜ்யம், ஆறு.”

வேணி விரலை வைத்துப் படித்தாள். இரண்டாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்று. இரண்டாயிரத்து எண்ணூற்று ஒன்று. அடுத்த எண்ணின் மேல் பசை கட்டியாக இருந்தது. அதைத் துடைத்தாள்.

“ரெண்டு… எட்டு… பூஜ்யம்… அக்கா! ஆறு! ஆறுக்கா!”

அக்கா பாய்ந்து வந்து பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு வேணியை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ரத்தினவேல் மாமா கையில் கயிற்றோடு அப்படியே நின்றார்.

சத்தம் கேட்டு சேஷன் மாமா குடையோடு மாடியேறி வந்தார். “என்னாச்சு? மறுபடியும் விழுந்துடுத்தா?”

வேணி அவரிடமும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் புருவத்தை உயர்த்தினார். “சட்டம் சட்டம்தான். பத்து நாளைக்குக் கத்தரி என்கிட்ட இருக்கும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “மிச்சம் இருந்தா ரெண்டு இட்லி குடுங்கோ” என்றார்.

மறுநாள் பேப்பரில் பிரதமர் ராஜினாமா செய்த செய்தி கொட்டை எழுத்தில் வந்திருந்தது. பத்து மணிக்கு மாடியில் அதை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அக்கா எட்டு மணிக்கே சான்றிதழ்களோடு பஸ் ஏறிவிட்டாள்.

ஆகஸ்டில் வேலைக்கான கடிதம் வந்தது. டிரங்குப் பெட்டிகளைக் கட்டியிருந்த கயிற்றை ரத்தினவேல் மாமா அவிழ்த்துப் பின்கட்டில் துணி காயப்போடக் கட்டினார். அக்கா வேணிக்கென்று தனியாக ஒரு பேப்பரே போடச் சொன்னாள். “எத்தனை மணிக்கு வேணும்னாலும் வெட்டிக்கோ. ஆனா திருப்பிப் பார்த்துட்டு வெட்டு!” என்றாள்.

உலகமும் சும்மா இருக்கவில்லை. அக்டோபரில் அன்னை தெரசாவுக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். நவம்பரில் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தை மாணவர்கள் பிடித்துக்கொண்டார்கள். டிசம்பரில், உலகத்தில் பெரியம்மை அடியோடு ஒழிந்துவிட்டது என்று மருத்துவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வொன்றையும் வேணி பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வெட்டினாள்.

கண்காட்சி அன்று சுந்தரவல்லி டீச்சர் அவளுடைய ஆல்பத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஜூலையில் நின்றார். அந்தப் பக்கத்தில் ஒட்டுப்போட்ட ஆறு துண்டுகள். அத்தனையும் எண்கள். ஓர் எண்ணைச் சுற்றி மட்டும் சிவப்பு மையால் வட்டம்.

“என்ன வேணி இது? ஸ்கைலாப் படம் உனக்குக் கிடைக்கலையா?”

“கிடைச்சுது டீச்சர். சேஷன் மாமா ஆபீஸ்லேர்ந்து நல்லதா ஒண்ணு கொண்டுவந்து குடுத்தாரு. அது பின்பக்கம் இருக்கு.”

“அப்போ முன்பக்கம் இருக்கிறது எந்த நாட்டுச் செய்தி?”

“எங்க மாடி வீட்டுச் செய்தி டீச்சர். ரெண்டு, எட்டு, பூஜ்யம், ஆறு எங்க பூங்கோதை அக்கா. அவங்க இப்போ ஊருக்குப் போகல.”

டீச்சர் கேட்க, வேணி முழுக் கதையையும் சொன்னாள். ஓரிடத்தில் நிற்காமல், கைகளை ஆட்டிக்கொண்டு, இட்லிப் பானையின் ஆவி வரைக்கும் சொன்னாள்.

மற்ற ஆல்பங்களை எல்லாம் அட்டை தெரிகிற மாதிரி மூடி வைத்திருந்தார்கள். வேணியின் ஆல்பத்தை மட்டும் சுந்தரவல்லி டீச்சர் மூடவில்லை. ஜூலைப் பக்கத்தைத் திறந்தபடியே மேஜையின் நடுவில் வைத்துவிட்டுப் போனார்.