நூற்றுக்கு முப்பத்தொன்று

மேசையின் தலைப்பக்கம் டொக்டர் றோலண்ட். அவருக்கு வலப்புறம், பிரிட்ஜ் சாவியை மடியில் வைத்தபடி தாதி டோரீன். எதிரே, நாற்காலி நுனியில் சிற்றூழியர் சிவசாமி. ஜன்னலோர வாங்குப் பலகையில், தேயிலைக் கொழுந்து மலையிலிருந்து நேரே வந்த சண்முகவடிவு. அவர் மடியில் ஆறு வயது மகள் லோஜனா. கதவருகே, விசாரிக்க வந்த மருந்தாளர் குணபூசணி. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்ட ஆஸ்பத்திரி ஒன்று. 2006 யூலை, செவ்வாய்க்கிழமை, காலை 10.20.

லோஜனாவின் உடலில் பிறவியிலேயே ஒரு நொதியம் இல்லை. அதனால் உயிரணுக்கள் தம் கழிவைக் கரைக்க முடியாமல் உள்ளேயே சேர்த்து வைத்தன. ஈரல் வீங்கியது, விரல்கள் மடங்கின. வெளிநாட்டுக் கம்பனியொன்று தொட்டிகளில் அணுக்களை வளர்த்து, அந்த நொதியத்தைப் பிரித்தெடுத்து, வாராவாரம் ஏற்றும்படி இலவசமாக அனுப்பி வந்தது. முதல் ஆறு மாதம் நல்ல குணம். சித்திரைக்குப் பிறகு அது நின்றுபோனது. சந்தேகப்பட்ட டொக்டர், ஏற்றுவதற்காக மேல்மூடி எடுத்து மேசையில் வைத்திருந்த குப்பி ஒன்றைக் கம்பனிக்கே சோதனைக்கு அனுப்பினார். பதில் வந்தது: வீரியம் நூற்றுக்கு முப்பத்தொன்று. இன்றைய தபாலில் தகுந்த விளக்கம் போகாவிட்டால் மருந்து நிறுத்தப்படும்.

“மூணுல ரெண்டு பங்க யாரோ உறிஞ்சிட்டுத் தண்ணி ஏத்தியிருக்காங்க,” என்றார் றோலண்ட். “சாவி மிஸ்ஸிகிட்ட.”

டோரீனுக்கு முகம் சிவந்தது. “சாவி இருந்தா கள்ளியா? குணமான ஆறு மாசமும் எங்கிட்டதான் இருந்திச்சு டொக்டர்!”

குணபூசணி அறிக்கையை வரி வரியாக விரல் வைத்து இன்னொரு முறை வாசித்தார்.

“மிஸ்ஸி, பிரிட்ஜ் சூட்டை எழுதி வைக்கிறனீங்களோ?”

“காலையில ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா.”

குணபூசணி ஏட்டைப் புரட்டினார். நான்கு, ஐந்து, ஐந்து, நான்கு. கரண்ட் போன நாளிலும் ஆறைத் தாண்டவில்லை. மூன்றுக்குக் கீழே போகவுமில்லை.

“மருந்தை ஊசியால இழுக்கேக்க ஏதும் வித்தியாசம்?”

“மேல கொஞ்சம் நுரை நிக்கும். அடங்கட்டும்னு பாத்துக்கிட்டு இருந்து எடுப்பேன்.”

“எப்ப தொடக்கம்?”

“சித்திரைக்குப் பொறகு. முந்தி நானே எடுப்பேன். இப்ப வார்ட்டுல ஆள் இல்லை. நான் பிரிட்ஜ தொறந்து விட, சிவசாமி அண்ணன்தான் கொண்டாருவாரு.”

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

“ஒரு சொட்டு எடுத்திருந்தா எங்கையி அழுகிப் போகட்டும்!”

“கோவப்படாதீங்கண்ணே,” என்றார் சண்முகவடிவு. “யாரு எடுத்தா என்ன? மருந்து நிக்காம வந்தாப் போதும்.”

10.55. குணபூசணி ஒரு வெற்றுக் குப்பியில் தண்ணீர் நிரப்பி, மூடி, சிவசாமியிடம் நீட்டினார். “பிரிட்ஜடியில இருந்து மிஸ்ஸியிட்டக் கொண்டுபோய்க் குடுங்கோ. ஒவ்வொரு கிழமையும் செய்யிற மாதிரியே.”

“இதுல என்னங்கம்மா செஞ்சி காட்ட இருக்கு?” என்று முனகியபடி வாங்கினார். பத்து எட்டுத் தூரம். நடக்கத் தொடங்கியதுமே கட்டைவிரல் மூடியை அழுத்தியது. மணிக்கட்டு மேலும் கீழும் படபடவென்று அடித்தது. குப்பி டோரீன் கைக்குப் போகும்வரை நிற்கவில்லை.

“மாமா எப்பவும் டான்ஸ் ஆடித்தான் வருவாரு,” என்று சிரித்தாள் லோஜனா.

“என்ன, எல்லாரும் எங்கையையே பாக்குறீங்க?”

“ஏன் குலுக்கினீங்கள்?”

“குலுக்காம குடுப்பாங்களா? முப்பது வருஷமா இந்த லயத்து சனத்துக்கு இருமல் மருந்து ஊத்துறவன் நான். கலக்காட்டி மருந்து அடியில தங்கிரும். மொத ஆளுக்குத் தண்ணிதான் போகும்.”

குணபூசணி அறிக்கையை டொக்டர் முன் வைத்தார். “களவு இல்லை டொக்டர். நீங்கள் முதல் வரியோட நிண்டிட்டீங்கள். ரெண்டாம் வரியைப் பாருங்கோ. வீரியம் முப்பத்தொண்டு, புரதம் தொண்ணூற்றெட்டு. தண்ணி கலந்திருந்தா ரெண்டுமெல்லோ குறைஞ்சிருக்கும்? மருந்து முழுக்கக் குப்பிக்குள்ளதான் இருக்கு, வேலை செய்யிற உருவம்தான் குலைஞ்சுபோச்சு. சூடும் இல்லை, உறையவும் இல்லை, ஏடு சொல்லுது. மிச்சம் நுரைதான். இருமல் மருந்து குலுக்கினால் கலக்கும். இது மடிச்சு வைச்ச புரதம். காத்தோட அடிபட்டால் மடிப்புக் கழண்டிடும். முட்டை வெள்ளையை அடிச்சுப்போட்டுப் பழையபடி ஆக்கேலுமோ?”

சிவசாமி மெல்ல உட்கார்ந்தார். “அப்ப மூணு மாசமா புள்ளைக்கு மருந்து சேராம செஞ்சது நாந்தானா?”



“மன்னிச்சுக்கங்க மிஸ்ஸி,” என்ற றோலண்ட் குரலைத் தாழ்த்தினார். “இத எழுதினா, கவனமில்லாத எடம்னு நிப்பாட்டிருவாங்க. பிரிட்ஜ் பழுதுன்னு போட்டா என்ன?”

“அந்தச் சூட்டு ஏட்டின்ர பிரதியையும்தான் அனுப்பப் போறன், டொக்டர்.”

“எம்பேரையே போடுங்கம்மா,” என்றார் சிவசாமி.

2.10. கம்பனிக்குக் கடிதம் எழுதி முடிந்தது: நடந்தது என்ன, எதனால், இனிமேல் தாதி மட்டுமே குப்பியைத் தொடுவார், அடுத்த மாதக் குப்பி ஒன்று மறுசோதனைக்கு வரும். குணபூசணி அதைத் தமிழில் சொல்லக் கேட்ட சண்முகவடிவு, “கீழ எனக்குக் கொஞ்சம் எடம் விடுங்க,” என்றார். கொழுந்துக் கறை படிந்த விரல்களால் பேனாவை இறுக்கிப் பிடித்து எழுதினார்:

‘இது தெரியாமல் நடந்தது. சிவசாமி அண்ணன் என் பிள்ளைக்குக் கெடுதல் நினைக்காதவர். அவரையும் விலக்க வேண்டாம், மருந்தையும் நிறுத்த வேண்டாம்.’

குணபூசணி அதன் கீழே ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதினார். ஒரு சொல்லையும் திருத்தவில்லை. 2.40க்கு உறையை ஒட்டி முத்திரை குத்தினார். மூன்று மணிக்குத் தபால் பை ஹட்டன் பஸ்ஸில் ஏறியது.