எல்லைகளைச் சேமிக்கவும்

செவ்வாய்க் கோளின் தென்குமிழ்க் குடியிருப்பில் காலையில் எழுந்ததும் முதல் வேலை, மின்னுருமாற்றியிடம் அனுமதி கேட்பது. சூரியத் தகடுகள் தரும் மின்சாரத்தை வீடுகளுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் அந்த இயந்திரம் இன்று இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான். மேலாளர் தணிகாசலமே ஆனாலும் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்க வேண்டும்.

அதைப் பராமரிக்கும் பொறியாளர் செங்கமலம். உச்சச் சுமை எண்பது விழுக்காடு, வெப்பம் எழுபது பாகை என்று பதிந்து ‘சேமி’ பொத்தானை அழுத்தியவள் அவள்தான். அதைத் தாண்டினால் இயந்திரம் தானே அணைந்துவிடும். யாரும் அதனிடம் கோபித்துக்கொள்வதில்லை.

செங்கமலத்துக்கு அப்படியொரு பொத்தான் கிடையாது. அழைப்புகளைக் கேட்க அவள் காதுக்குள் பதித்திருந்த செவிச்சில்லில் தணிகாசலம் எந்நேரமும் குடியிருந்தார். தங்கை நித்திலாவின் கல்யாணத்தில் சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் அழைத்தார், ஓடினாள். இப்போது அதே தங்கைக்கு வடகுமிழில் வளைகாப்பு.

“சார், ஞாயித்துக்கிழமை லீவு வேணும்.”

“தாராளமா போயிட்டு வாம்மா. நடுவுல கூப்பிட்டா மட்டும் வந்துடு.”

“மெஷினை லிமிட்டுக்கு மேல ஓட்டக் கூடாதுன்னு ரூல் இருக்கு. எனக்கு இல்லையா சார்?”

“நீ என்ன மெஷினா?” என்று சிரித்தார்.

அவளுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. கட்டுப்பாட்டுத் திரையில் ‘புதிய இயந்திரம்’ பகுதியைத் திறந்து தன் செவிச்சில்லின் எண்ணை அடித்தாள். உச்சச் சுமை: எண்பது விழுக்காடு. ஞாயிறு: அணைந்திருக்கும். சேமி.

தணிகாசலத்தின் அடுத்த அழைப்பையே கணினி மறித்தது. ‘இக்கருவி எல்லையை எட்டிவிட்டது. வற்புறுத்தினால் பழுதாகும்.’ அவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார், கணினியிடம். மனிதர்கள் பழுதாவதைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை. இயந்திரம் வேறு விஷயம்; உதிரிபாகம் பூமியிலிருந்து வர வேண்டும்.

விஷயம் பரவியது. வாரம் முடிவதற்குள் தென்குமிழ் ஊழியர்கள் அத்தனை பேரும் இயந்திரமாகிவிட்டார்கள்.

ஞாயிறன்று நித்திலாவின் கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கினாள் செங்கமலம். செவிச்சில்லு மூச்சுக் காட்டவில்லை. கொஞ்ச நேரம் சொர்க்கமாக இருந்தது. அப்புறம் காது அரித்தது. ஒதுங்கி நின்று, உடன் வேலை பார்க்கும் காத்தவராயனைக் கைத்திரையில் அவளே அழைத்தாள்.

“அங்க ஒண்ணும் பிரச்சனை இல்லையே?”

“ஒண்ணுமில்லக்கா, நான் பாத்துக்கிட்டேன். சும்மா உக்காந்திருந்தா ஒரு மாதிரி இருந்துச்சு, என் லிமிட்டை நூறுக்கு ஏத்திக்கிட்டேன். இந்த மாசத்து நல்ல மெஷின்னு சார் என் படத்தைப் போர்டுல போட்டிருக்கார்.”

பந்தியில் உட்கார்ந்தவள் புளிசாதத்தை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, மறுபடியும் கூப்பிட்டுட்டாங்களா?” என்றாள் நித்திலா.

“யாருமே கூப்பிடலைடி.”

கையைக் கழுவிவிட்டு வந்து கைத்திரையை விரித்தாள். தன் பதிவிலிருந்து ஞாயிறை அழித்தாள். உச்சச் சுமை: நூற்றிருபது.

‘இந்த அளவில் ஓடினால் இக்கருவி வெகுநாள் தாங்காது. மாற்றத்தைச் சேமிக்கவா?’ என்று கேட்டது கணினி.

அதைப் படித்து முடிப்பதற்கு முன்பே அவள் விரல் ‘ஆம்’ என்பதை அழுத்தியிருந்தது.