சவரிராஜ் ஆஜரா?

ஆரணியின் ஊர்க்கோடியில் இருந்த அந்தப் பழைய போலீஸ் ஸ்டேஷன் முன்னால் அமலோற்பவம் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, பட்டப்பகலிலேயே வானம் கறுத்துக் கிடந்தது. ஸ்டேஷன் புதுக் கட்டடத்துக்குப் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. பிடிபட்ட வண்டிகள் மட்டும் வாசலில் துருவேறி நின்றன.

தொண்ணூற்று நான்கில் ஒரு வியாபாரி வீட்டில் பட்டுச்சேலைகள் களவு போனபோது, அவள் கணவன் சவரிராஜை விசாரணைக்கென்று இங்கேதான் இழுத்து வந்தார்கள். மறுநாள் பிணமாகக் கொடுத்தார்கள். நெஞ்சுவலி என்றார், அப்போது எஸ்.ஐ.யாக இருந்த சுப்பராயலு. முதுகெல்லாம் கன்றிப்போயிருந்ததை அமலோற்பவம் தன் கண்ணால் பார்த்தாள். அன்று தொடங்கிய புகார். அவள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. சாட்சி சொல்கிறேன் என்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். விசாரிக்கிற அதிகாரி மாற்றலாகிப் போவார். புதிதாக வருபவர், "மொதல்லேர்ந்து சொல்லும்மா" என்பார்.

இப்போது வந்திருந்தவர் பலராமன். சம்பவம் நடந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று இவராவது கேட்டாரே என்று அவளுக்குள் சின்னதாய் ஒரு நம்பிக்கை. இன்ஸ்பெக்டராக உயர்ந்துவிட்ட சுப்பராயலு, அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே கரண்ட் இல்லை. வௌவால் எச்சமும் ஈரச்சுவரும் கலந்த நாற்றம். லாக்கப் கம்பிகளுக்குப் பின்னால் இருட்டு கெட்டியாக நின்றது.

பலராமனோடு வந்திருந்த பியூன் தருமன் கேஸ் கட்டைப் பிரித்து, மேலே இருந்த பெயரைப் பழக்கதோஷத்தில் கோர்ட்டில் கூப்பிடுவது போலவே கூப்பிட்டான்.

"சவரிராஜ் ஆஜரா?"

"யோவ், அவன் செத்துப்போனவன்யா," என்று சிரித்தார் சுப்பராயலு.

லாக்கப்புக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"இருக்கேங்க."

சிரிப்பு நின்றது.

அமலோற்பவம் கம்பிப் பக்கம் திரும்பினாள். அதே குரல். அதே கரகரப்பு.

தருமன் டார்ச் அடித்தான். துருப்பிடித்த பூட்டு. கம்பிகளில் கிழியாத ஒட்டடை. உள்ளே வெறும் தரை.

பலராமன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "யா... யாரு உன்னை அடிச்சது?"

"சுப்பராயலு சாருங்க." செத்த பிறகும் அந்தக் குரலில் பயம் போகவில்லை. "தண்ணி கேட்டேங்க. குடுக்கலைங்க."

"எழுதுங்க சார்!" அமலோற்பவம் கத்திவிட்டாள். "காதால கேட்டீங்க இல்ல? எழுதுங்க!"

பலராமன் பேனாவை எடுத்தார். அது தாளுக்கு மேலேயே நின்றது.

"என்னன்னும்மா எழுதறது? செத்தவன் சாட்சி சொன்னான்னு எழுதினா, என்னைப் பைத்தியம்னுவாங்க."

"உயிரோட இருக்கிறவங்க பயந்துகினு வரலை, சாட்சி இல்லன்னீங்க. இப்போ அவரே சொல்றாரு. இதுவும் செல்லாதுன்னா, நான் இன்னும் யாரத்தான் இட்டுகினு வர்றது சார்?"

சுப்பராயலு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். போன குரல் அவருக்கு மெல்லத் திரும்பியது. "காத்து சார். பழைய கட்டடம் இல்ல?"

பலராமன் தலை நிமிராமல் எழுதினார்: ஸ்தலம் பார்வையிடப்பட்டது. குறிப்பிடத்தக்கதாக ஏதுமில்லை.

கதவைப் பூட்டக்கூட யாரும் நிற்கவில்லை. ஜீப் சீறிக்கொண்டு போயிற்று. மழை இறங்கியது.

அமலோற்பவம் கம்பியோரம் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, கம்பி வழியாகக் கையை நீட்டிச் சாய்த்தாள்.

தண்ணீர் தரையில் விழும் சத்தம் கேட்கவில்லை.

மடக், மடக் என்று யாரோ குடித்தார்கள்.

"மெதுவா குடிங்க," என்றாள் அவள்.

சத்தம் ஓய்ந்தது. பாட்டிலில் கொஞ்சம் மிச்சமிருந்தது. கையை இழுக்கப் போனாள்.

லாக்கப்பின் எதிர்மூலையிலிருந்து, அவள் ஒருநாளும் கேட்டறியாத ஓர் இளங்குரல் வந்தது.

"அக்கா... எனக்கும்."