ஒன்பது என்று எழுதினாள்

கருவியின் திரையில் மூன்று என்ற எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு நின்றது. பெரியவள் அதைத் தூசி என்று நினைத்து விரலால் துடைத்தாள். கோடு போகவில்லை. மைனஸ் மூன்று.

அப்படி ஓர் எண் வரவே கூடாது. உயிருள்ள தோலிலிருந்து எந்நேரமும் கொஞ்சம் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கும். அது ஒரு சதுர மீட்டர் தோலுக்கு மணிக்கு எத்தனை கிராம் என்று அளப்பதுதான் அந்த ஆய்வகத்தில் அவள் வேலை. வறண்டு வெடித்த தோல் முப்பதைத் தாண்டும். நல்ல தோல் பத்துக்குப் பக்கத்தில் நிற்கும். பூச்சியத்துக்குக் கீழே போனால் தோல் தண்ணீரை வெளியே விடவில்லை, வெளியிலிருந்து எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். கருவிக்குத்தான் கோளாறு என்று அதைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பதினான்கு. திரும்ப எதிரே இருந்தவளின் கன்னத்தில் வைத்தாள். மைனஸ் நான்கு. ஜன்னலோ மின்விசிறியோ இல்லாத, மூச்சுக்கூட மெதுவாக விட வேண்டிய அந்த மூடிய அறையில், மழையில் ஊறிய மரக்கட்டையின் வாசனை மட்டும் லேசாகப் பரவியிருந்தது. சுவரில் இருந்த ஈரப்பத மானி உள்ளே வரும்போது ஐம்பது காட்டியது. இப்போது முப்பத்தெட்டு.

நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. வீட்டில் எல்லோருக்கும் சின்னவள்.

பத்து வாரத்துக்கு முன்னால் சின்னவளின் முகம் செதில் செதிலாக உரியும். உண்மையைச் சொன்னால், பெரியவளுக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது. சமையலில் சின்னவள் கைதான் ஓங்கியது, மாமியார் வாயில் எந்நேரமும் சின்னவள் பெயர்தான், பெரியவள் பெற்ற ஐந்து வயதுக் குட்டியே பள்ளி விட்டதும் சித்தி இடுப்பில்தான் ஏறுவாள். அம்மா தொட்டால் கை குத்துகிறதாம். ஆய்வகத்தில் நாளுக்கு முப்பது தடவை ஸ்பிரிட்டில் கழுவினால் கை குத்தாமல் என்ன செய்யும்? தனக்கென்று மிச்சம் இருந்தது தன் முகத்தின் தோல் ஒன்றுதான் என்று பெரியவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பட்டுப்போன மரத்தில் முளைக்கும் ஒரு வெள்ளைக் காளானின் சாறு சேர்த்து முகத்தில் பூசும் பசையைச் சோதிக்க ஆள் தேவைப்பட்டது. அந்தச் சாறு தண்ணீரைப் பிடித்துவைக்கும், தோலின் மேல் வேலியை இறுக்கும் என்றார்கள். ஆள் குறைந்ததால் சின்னவளை அவளே கூட்டிவந்து சேர்த்தாள். பாதிப் பேருக்குச் சாறு இல்லாத வெறும் பசைதான் போகும். சின்னவளுக்கு வெறும் பசைதான் வாய்க்கும் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு.

கணக்கு தப்பியது. மூன்றாவது வாரம் சின்னவளின் கன்னம் கழுவிவைத்த பழம்போல ஆனது. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சோதனையில் எல்லோரையும்விட நல்ல அளவு யாருடையதோ அவர் முகம்தான் பசை டப்பாவில் படமாக வரும் என்று ஆய்வகத்தில் பேச்சு. அந்த டப்பாவைத் தினமும் தன் கையால் அடுக்க வேண்டும் என்று நினைத்தபோதே பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

ஐந்தாவது வாரம் கருவி ஒன்று என்று காட்டியது. சோதனையை நடத்தும் டாக்டர் முதல் நாளே அவளிடம் சொல்லியிருந்தார்: "ரெண்டுக்குக் கீழ யாருக்கு வந்தாலும் அன்னைக்கே நிறுத்திடணும். உடனே எங்கிட்ட சொல்லுங்க."

ஒன்று என்று எழுதினால், சோதனையை நிறுத்தினாலும் அளவில் சின்னவள்தான் முதல், டப்பாவில் அவள் முகம்தான். பெரியவள் ஒன்பது என்று எழுதினாள். எல்லோரையும்போல, கூட்டத்தோடு கூட்டமாக, ஒன்பது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் ஒன்பது. இன்றும் பேனா தானாக அதையே எழுதியது.

சின்னவள் எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். "முடிஞ்சுதாக்கா? குட்டிக்கு இன்னிக்கு அரை நாள்தானே, நானே கூட்டிட்டுப் போயிடறேன். இப்பல்லாம் எங்கிட்ட ஒட்டிக்கிட்டாத்தான் தூங்கறா."

சின்னவள் போய் இரண்டு மணி நேரமாகியும் அந்த மர வாசனை போகவில்லை. பெரியவள் வெடித்த உதட்டை நாக்கால் நனைத்தபடி, வீட்டில் இந்த மாதம் பார்த்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்தாள். சின்னவள் அறையில் போட்ட ஈரத்துணி பத்து நிமிடத்தில் விறைத்துப்போகிறது. அவள் ஜன்னலில் இருந்த செடி, தண்ணீர் ஊற்ற ஊற்றக் கருகியது. குளியலறைச் சோப்பு பாளம் பாளமாக வெடித்தது. இரவில் குட்டி நாலு தடவை எழுந்து தண்ணீர் கேட்கிறாள். குட்டியின் உதடு காய்ந்தபோது, சித்தி பார்த்துக்கொள்ளும் லட்சணத்தைப் பாருங்கள் என்று கணவனிடம் சொல்லிக்காட்டியதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

இன்று காலை சட்டைக் கை பொத்தானைப் போடும்போது குட்டியின் மணிக்கட்டுத் தோல் விரலில் சிக்கியது. விட்ட பிறகும் அது சமமாகவில்லை. மடிப்பாக நின்றது.

மடிப்பாக நின்றது.

உடம்பில் தண்ணீர் வற்றிய தோல்தான் அப்படி நிற்கும். பெரியவள் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்கு ஓடினாள்.

வீட்டில் நடுப்பகல் வெயில் கூடம் முழுக்க விழுந்துகிடந்தது. மாமியார் வெளியே போயிருந்தார். கடிகாரச் சத்தம். சமையலறையில் ஒரு சொட்டுத் தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை. சின்னவள் அறைக் கதவைத் தொட்டபோது மரப்பலகை சுருங்கி, சட்டத்தோடு சேராமல் ஆடியது. உள்ளே காற்று மூக்கை எரித்தது.

இருவரும் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கன்னத்தோடு கன்னம். சின்னவளின் முகம் பளபளத்தது. குட்டியின் முகம் சிறுத்திருந்தது. கண்ணுக்குக் கீழே குழி.

"குட்டி."

அசையவில்லை. தலையைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். ஓர் அங்குலம் வந்தது. அதற்குமேல் வரவில்லை. இரண்டு கன்னத்துக்கும் நடுவே நூல்கள். வெள்ளையாக. முடியைவிட மெல்லியவை. நூற்றுக்கணக்கில். நகத்தால் அறுத்துப் பார்த்தாள். அறுத்த இடத்திலிருந்தே வளர்ந்து மறுபடி ஒட்டின.

குட்டி கண்ணைத் திறந்தாள். அழுதாள். கண்ணீர் வரவில்லை.

"அம்மா, தண்ணி."

பள்ளிப் பையில் பாட்டில் இருந்தது. பெரியவள் அதைத் திறந்து வாயில் வைத்தாள். குட்டி குடித்தாள். மடக் மடக்கென்று. ஒவ்வொரு மடக்குக்கும் நூல்களில் சின்னச் சின்ன முத்தாக நீர் திரண்டது. நகர்ந்தது. குட்டியிடமிருந்து அந்தப் பக்கம். எல்லாமே அந்தப் பக்கம்.

சின்னவள் தூக்கத்திலேயே சிரித்தாள். அவள் முகம் இன்னும் கொஞ்சம் தெளிந்தது. அப்படி ஓர் அழகைப் பெரியவள் யாரிடமும் பார்த்ததில்லை. அந்த நிலையிலும் வயிறு எரிந்தது.

நிறுத்தினால் குட்டி காய்ந்துவிடுவாள். ஊற்றினால் அது சின்னவளுக்குப் போகிறது. ஊற்றினாள். பாட்டில் காலியானது. குட்டியின் வாய் திறந்தபடியே இருந்தது. நூல்கள் மெல்லச் சுருங்கி, அந்தச் சின்ன முகத்தைத் திரும்பச் சித்தியின் கன்னத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தன.