பக்கவிளைவு: ஒன்றுமில்லை

பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடத்துக்கு அவர் கழுத்தில் அவளுடைய நான்கு விரல்களும் சிவப்பாக எழும்பின.

புற்றுக்கட்டி சுருங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்திருந்தாள். சுருங்கித்தான் இருந்தது. எலுமிச்சை அளவு இருந்தது பட்டாணி அளவாகியிருந்தது. ஆனால் விரல் பட்ட இடங்கள் தடித்து, நகத்தின் வளைவு வரை துல்லியமாகத் தெரிந்தன.

"முப்பது வருஷமா நீ தொட்டா எரிச்சல்தான்," என்றார் கணவர். "தோலுக்கு இப்பத்தான் புரிஞ்சிருக்கு."

அவர் சிரிக்கவில்லை.

மனிதர்களுக்கு முதன்முதலாகச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் இரண்டு மருந்துகள். இந்த மருந்தளவைச் சோதிக்க மூன்று பேர், அவர் மூன்றாவது. முதல் ஆளுக்குக் கல்லீரல் வீங்கிவிட்டது. இன்னொருவருக்கும் ஏதாவது வந்தால் இந்த அளவையே கைவிட்டுவிடுவார்கள். வேறு மருந்து எதுவும் அவருக்கு மிச்சமில்லை.

"உடம்போட காவலுக்கு ரெண்டு பிரேக் இருக்கும்மா," என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ரெண்டையும் எடுத்துடறோம். தன்னோடது இல்லைன்னு பட்டதை அதுவே தேடிப் பிடிச்சு அழிக்கும்."

தினமும் எழுதச் சொல்லி மருத்துவமனை ஒரு நோட்டு கொடுத்திருந்தது. பதினெட்டாம் நாள் என்று எழுதினாள். பக்கவிளைவு: ஒன்றுமில்லை.

பத்தொன்பதாம் நாள் கையுறை போட்டுக்கொண்டு தட்டை நீட்டினாள். தலையணையில் கிடந்த அவளுடைய ஒற்றை முடி பட்ட இடம் அவர் கன்னத்தில் நூல் போலத் தடித்திருந்தது. நர்ஸ் போன் செய்தாள்.

"ஏதாவது இருக்காக்கா?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

"ராசிக்காரர்தான். நாளன்னைக்கு ரெண்டாவது டிரிப்ஸ் ஏத்தக் கூட்டிட்டு வந்துடுங்க."

இருபதாம் நாள் பகலில், சமையலறையில் குழாயைத் திருகி மூடியபோது, படுக்கையறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஈரமான, நிதானமான மூச்சிழுப்பு, ஒவ்வோர் இழுப்புக்கும் பின் துணி கிழிபடும் ஓசை. இடையே காய்ச்சல் உடம்பும் துருவும் கலந்ததுபோன்ற ஒரு வாடை கூடத்தைக் கடந்து அவளிடம் வந்தது. எட்டிப் பார்த்தாள். அவளுடைய உடைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து கிழித்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாக யாரும் பிடித்துக்கொள்ளாமல் எழுந்து நிற்க முடியாதவர்.

திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை.

"ஏங்க..."

அந்தக் குரல் பட்டே அவர் நெற்றி சிவந்தது.

குளியலறைக்குள் ஓடித் தாழிட்டாள். கதவை அவர் தட்டவில்லை. உடைக்கவில்லை. கதவின் அடியிடுக்கில் படுத்துக்கொண்டார். மூச்சு உள்ளே வந்தது. அவள் பாதத்தைத் தேடியது. கண்டது. நின்றது.

வாசலில் சாவி திரும்பும் சத்தம். நாளை அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக, விடுதியிலிருந்து மகள் வந்துவிட்டாள்.

"அம்மா! டாக்ஸிக்காரன் ஊரையே சுத்திக் காட்டிட்டான்!"

இடுக்கில் மூச்சு இல்லை.

கத்த வேண்டும். கத்தினால் மகள் பார்த்துவிடுவாள். மருத்துவமனைக்குச் சொல்வாள். நாளைய டிரிப்ஸ் போய்விடும். அவர் போய்விடுவார்.

ஒரு கணம். அந்த ஒரு கணம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் காலடிகள் கூடத்துக்குப் போயின. மெதுவாக.

"அப்பா! நீங்களே நடக்கறீங்களா?"

நீளமாக ஒரு மூச்சிழுப்பு. பிறகு அவர் குரல், வெகு பிரியமாக:

"இங்க வா கண்ணு. உனக்குள்ள உங்கம்மா எவ்வளவு இருக்கான்னு பாத்துடறேன்."