ஹாலி அப்படித்தான் கத்தும்

குவியல் ஏற்கெனவே அங்கே இருந்தது.

குளிர்காலத்தின் முதல் சனிக்கிழமை. காட்டைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள் இன்னும் ஒரு கிளைகூட வெட்டவில்லை. ஆனாலும் போன பிப்ரவரியில் நெருப்பு மூட்டிய அதே கருத்த வட்டத்தில், வெட்டிய ஹாலி மரக் கிளைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. பச்சை மாறாத முள்ளிலைகள் மழையில் நனைந்து பளபளத்தன. யாரோ வார நடுவில் வந்து வேலை பார்த்திருக்கிறார்கள், நமக்கு வேலை மிச்சம் என்று சொல்லிக்கொண்டே குழுத் தலைவர் டெரிக் ரம்பங்களை இறக்கிவைத்தார். ரோவீனா மட்டும் குவியலை நெருங்காமல் நின்றாள்.

ஹாலியை வளரவிட்டால் நிழல் கட்டி, வசந்தத்தில் பூக்க வேண்டிய நீலமணிப் பூக்களை ஒழித்துவிடும். அதனால் வெட்டி, அடுக்கி, எரிப்பார்கள். நெருப்பு ரோவீனாவின் பொறுப்பு. பழைய குவியலை அப்படியே கொளுத்தக் கூடாது என்பதுதான் அதற்கான ஒரே விதி. கிளை கிளையாக எடுத்துப் பக்கத்தில் மாற்றி அடுக்கிவிட்டே தீ வைக்க வேண்டும். அடியில் முள்ளெலி தூங்கும்.

போன பிப்ரவரியில் அவள் மாற்றி அடுக்கவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது, எல்லோருக்கும் கை விறைத்திருந்தது, அவளுக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். தீ பிடித்ததும் உள்ளேயிருந்து நீளமாக ஒரு சத்தம் எழுந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பச்சை ஹாலி அப்படித்தான் கத்தும்," என்றாள்.

அது முழுப் பொய்யும் இல்லை. அந்த இலை நெருப்பில் கீச்சிடும். ஆனால் அடுத்த வாரம் சாம்பலை வாரியபோது, பூட்ஸ் கயிறு கோக்கும் பித்தளை வளையங்கள் வந்தன. வளையங்கள் அல்லாதவையும் வந்தன. யாரும் பார்ப்பதற்குள் அத்தனையையும் புதைத்து, மேலே ஏறி மிதித்தாள்.

ஏப்ரலில் மேவிஸ் என்பவள் வந்து, இந்தக் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்து காணாமல்போன தன் தம்பி கோலினின் படத்தை மரம் மரமாக ஒட்டினாள். இன்றைக்கு அவளே குழுவில் சேர்ந்திருந்தாள். அவன் நடமாடிய இடத்தில் வேலை செய்தால் மனசுக்கு ஆறுதலாக இருக்குமாம். காலையில் ரோவீனாவுக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தாள். ரோவீனா அதைக் கடிக்காமலே சட்டைப்பைக்குள் வைத்தாள். இன்றைக்கு எப்படியும் அவளிடம் சொல்லிவிட வேண்டும்.

மற்றவர்கள் தேநீருக்கு ஒதுங்கினார்கள். ரோவீனா கிளைகளை ஒவ்வொன்றாக எடுத்து மாற்றி வைத்தாள்.

"என்ன ரோவீனா, முள்ளெலிக்குப் பத்திரிகை வச்சு அழைக்கப் போறீங்களா? சீக்கிரம் கொளுத்துங்க," என்று டெரிக் அங்கிருந்தே கிண்டலடித்தார்.

மேல் கிளைகள் ஈரமாக, சில்லென்று இருந்தன. அடுத்தவை வெதுவெதுப்பாக. அதற்கும் கீழே இருந்தவை கையுறையைத் தாண்டிச் சுட்டன. கம்பளி கருகும் வாடை. புகை இல்லை. தீ இல்லை. ஆனால் உள்ளே இலைகள் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தன.

கிளைகளுக்கு நடுவே ஒரு பொந்து தெரிந்தது. ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கிற அளவு.

"இருங்க, நானும் கை கொடுக்குறேன்." மேவிஸ் பின்னால் நின்றிருந்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். "உள்ள என்னமோ முனகுது. உங்களுக்குக் கேக்குதா?"

ரோவீனா வாயைத் திறந்தாள். 'உன் தம்பி' என்பது நாக்கு நுனி வரை வந்தது.

"ஹாலி அப்படித்தான் கத்தும்," என்றாள்.

வெடிப்புச் சத்தம் சட்டென்று நின்றது.

"கொளுத்தாமலேயா?" மேவிஸ் சிரித்தாள். "பாவம், முள்ளெலியாத்தான் இருக்கும். நான் எடுத்துட்டு வர்றேன்." முழங்காலிட்டுப் பொந்துக்குள் தலையை நுழைத்தாள். தோள். இடுப்பு.

ரோவீனா கால்களைப் பிடிக்கப் பாய்ந்தாள். மாற்றி வைத்த கிளைகள் சரசரவென்று திரும்பி வந்தன. ஒவ்வொன்றாக. தத்தம் இடத்துக்கே. அவள் இழுத்தாள். முள் கிழித்தது. கத்தினாள். குரல் வரவில்லை.

அடியிலிருந்து தீ எழுந்தது.

உள்ளேயிருந்து நீளமாக ஒரு சத்தம். பெண் குரல். அதோடு சேர்ந்து இன்னொன்று, ஆண் குரல்.

தேநீர்க் கோப்பைகளோடு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர் பதறி எழுந்தார். டெரிக் அவர் தோளைத் தட்டி உட்காரவைத்தார்.

"பயப்படாதீங்க. பச்சை ஹாலி அப்படித்தான் கத்தும். ரோவீனாவே சொல்லியிருக்காங்க."

எல்லோரும் தலையாட்டிக்கொண்டு தேநீரைக் குடித்தார்கள். குவியலுக்கு வெளியே மேவிஸின் ஒரு பூட்ஸ் நுனி மட்டும் நீட்டிக்கொண்டு, ஈர மண்ணை உதைத்துக்கொண்டே இருந்தது.