எட்டாம் நம்பர் சுரங்கத்தில் கடைசி ஆள்

காலை ஒன்பது மணிக்கு எஸ்தர் சுற்றுலாக் கூட்டத்தைச் சுரங்க வாசலில் நிறுத்தி, பழைய தொழிலாளர்களின் ஒளி நிழலுருக்களை ஓடவிட்டாள். தங்கச் சுரங்கத்தில் வேலை நின்றுபோன நாளின் கடைசி ஷிப்ட் அது. கூண்டு மேலே வரும். தொழிலாளர்கள் ஒளியுடம்போடு இறங்கி, ஆளுக்கொன்றாக எண் பொறித்த பித்தளை வில்லைகளைப் பலகையில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஒருவர் மட்டும் வரமாட்டார். சவரிராயன், வயது முப்பத்திரண்டு. கீழ்த்தளத்தில் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பது வாசல் திரையில் தெரியும்.

"ஐயோ பாவம், உள்ளேயே செத்துட்டாரா?" என்று தினமும் யாராவது கேட்பார்கள்.

எங்கே செத்தார்! எழுபது வயதுவரை மீன்குழம்புக்குச் சண்டை போட்டுவிட்டு, வீட்டுக் கட்டிலில் கண்ணை மூடிய மனுஷன். எஸ்தரின் அப்பா. சுரங்கத்தின் கடைசி நாள் துக்கத்தில் வில்லையை மாட்டாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இப்போது அது அவள் பீரோவில் இருந்தது.

சுரங்கத்தைக் காக்கும் கணிமூளைக்கோ பழைய சட்டம்தான் தெரியும். வில்லை திரும்பாவிட்டால் ஆள் கீழே இருக்கிறான்; நிழலுருவிலும் அப்படியே காட்டும். ஆள் இருக்கும் குழியை மூடக் கூடாது. இறப்புச் சான்றிதழைக் காட்டியும் அது அசையவில்லை. மூடினால்தான் மேலே மண் நிரப்பி வீடு கட்ட முடியும். கடல் விழுங்கிய ஊர்களின் நானூறு குடும்பங்கள் அந்த நிலத்துக்காகத் தகரக் கொட்டகைகளில் காத்திருந்தன.

கூட்டம் கலைந்ததும் நில மீட்பு அதிகாரி வேதவல்லி வந்தாள். "எஸ்தர்க்கா, வில்லை உங்ககிட்டதான் இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா இத்தனை நாளா வாயைத் திறக்கல?"

"எங்கப்பாவைக் கடல் கொண்டுபோச்சு. ஒரு போட்டோகூட மிஞ்சல. உங்ககிட்ட எப்படிக்கா கேப்பேன்? ஆனா நேத்து மழைக்குக் கொட்டகையில முழங்கால் தண்ணி. எங்கம்மா விடியுறவரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தாங்க."

"மாட்டிட்டா அவர் போயிடுவாருடி!" எஸ்தருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கணக்கு முடிந்தால் காட்சியும் முடிந்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும். வேதவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் எஸ்தரின் கோபம் வடிந்துவிட்டது.

மாலையில் எஸ்தர் வில்லையைக் கொண்டுவந்து பலகையில் மாட்டினாள். கூண்டு மேலே வந்தது. மகளைவிட இருபத்தாறு வயது இளைய அப்பா, தூக்குவாளியை வீசிக்கொண்டு வெளியே வந்தார்.

"அப்பா, இங்கதான் நிக்கிறேன்" என்றாள் எஸ்தர்.

அவர் அவளைத் தாண்டிப் போய், வாசலில் மறைந்தார்.

"கீழே யாருமில்லை. குழியை மூடலாம்" என்றது கணிமூளை.

அப்பாவை அடக்கம் செய்த அன்று எஸ்தர் அழவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். இன்றைக்குத்தான் வேதவல்லியின் தோளில் சாய்ந்து, வாய்விட்டு அழுதாள்.